திரை தன் அளவில் இருக்கட்டும்

பழைய கம்ப்யூட்டரில் லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், சுபுண்டு என்று எடை குறைந்த லினக்ஸ் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், மெஷின் வேகமாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஒரு வாரம் கழித்து வரும் முதல் புகார் திரையைப் பற்றியதாக இருக்கும். எழுத்து மங்கல், படம் அகலமாக இழுத்த மாதிரி, ஓரத்தில் கடிகாரம் பாதி காணோம், ராத்திரியில் கண் எரிகிறது. இதைக் கேட்டதும் பலர் மானிட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, நல்ல மானிட்டரைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்புகள். வேலைக்கு நடுவே எழுதியவை. வரிசை பெரிதாகப் பார்க்கவில்லை.

*

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று. எல்.சி.டி. திரைக்கு ஒரே ஒரு இயல்பான ரெசல்யூஷன்தான் உண்டு. 18.5 அங்குல மானிட்டர் என்றால் பெரும்பாலும் 1366 × 768. 21.5, 24 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1920 × 1080. அத்தனை பிக்சல்களும் தொழிற்சாலையிலேயே கண்ணாடிக்குள் பதிந்துவிட்டவை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வேறு எந்த அளவில் படம் அனுப்பினாலும் மானிட்டர் அதைத் தன் பிக்சல்களுக்கு ஏற்ப இழுத்துப் பரப்பிக் காட்டும். அந்த இழுவையில்தான் எழுத்தின் விளிம்பு கரைகிறது.

குழாய் வைத்த பழைய சி.ஆர்.டி. மானிட்டரில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் கற்றை 800 × 600க்கும் வளையும், 1024 × 768க்கும் வளையும். ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும் என்ற பழக்கம் அந்தக் காலத்திலிருந்து கையில் ஒட்டிக்கொண்டது. இன்றைய திரையில் அதே பழக்கம் கண்ணுக்குக் கேடு.

*

மானிட்டர் தன் அளவைத் தானே சொல்லும். கேபிளைச் செருகியதும் இ.டி.ஐ.டி. என்ற ஒரு சிறு தரவுத் துண்டை அனுப்புகிறது. வெசா அமைப்பு 1994இல் கொண்டுவந்த ஏற்பாடு. அடிப்படைத் துண்டு மொத்தமே 128 பைட். தயாரிப்பாளர் யார், எந்த ஆண்டு செய்தது, திரை எத்தனை சென்டிமீட்டர் அகலம், எத்தனை உயரம், எந்த ரெசல்யூஷன் தனக்கு உகந்தது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. கடைசி பைட் சரிபார்ப்புக்கு. 128 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள்.

துண்டு வந்து சேரவே இல்லை என்றால் லினக்ஸ் கர்னல் தனக்குத் தெரிந்த பாதுகாப்பான பட்டியலை எடுத்துக்கொள்ளும்: 1024 × 768, 800 × 600, 848 × 480, 640 × 480. ரெசல்யூஷன் பட்டியலில் இந்த நான்கு மட்டும் தெரிந்தால் அது தெளிவான அடையாளம். செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. மானிட்டர் பேசியது மெஷினுக்குக் கேட்கவில்லை. முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும்.

*

வி.ஜி.ஏ. கேபிளின் முனையில் 15 ஊசிகள், மூன்று வரிசையாக. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முதல் வரிசையில் போகின்றன. 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும் இ.டி.ஐ.டி. போகும் வழி. விலை மலிந்த கேபிள்கள் சிலவற்றில் இந்த இரண்டுக்கும் உள்ளே கம்பியே இருக்காது. சிலவற்றில் ஊசி வளைந்து மடங்கிக் கிடக்கும். படம் என்னவோ வரும், மானிட்டர் பெயர் மட்டும் தெரியாது. நடு வரிசையில் உள்ள 9ஆம் ஊசி இல்லாமல் இருப்பது பல கேபிள்களில் வழக்கம்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எந்த லினக்ஸ் வித்தையையும் முயல்வதற்கு முன் வேறு ஒரு கேபிளை மாட்டிப் பார்ப்பது நல்லது. பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சிறு அடாப்டர் நடுவில் இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

*

டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடித்தால் போதும். எந்த வாயிலில் (போர்ட்) என்ன இணைந்திருக்கிறது என்று சொல்லிவிடும். லேப்டாப்பின் சொந்தத் திரை இ.டி.பி. அல்லது எல்.வி.டி.எஸ். என்ற பெயரில் இருக்கும். வெளி மானிட்டர் வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ., டி.பி. என்று. ஒவ்வொன்றின் கீழும் ரெசல்யூஷன் பட்டியல். நட்சத்திரக் குறி இருப்பது இப்போது ஓடுவது. கூட்டல் குறி இருப்பது மானிட்டர் தானே விரும்பிக் கேட்பது. இரண்டு குறியும் ஒரே வரியில் இருந்தால் எல்லாம் சரி. நட்சத்திரம் ஓர் இடம், கூட்டல் வேறோர் இடம் என்று இருந்தால் நட்சத்திரத்தைக் கூட்டலுக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை.

இந்தக் கட்டளையின் பின்னால் இருப்பது எக்ஸ் சாளர அமைப்பின் ராண்டர் நீட்சி. கீத் பாக்கார்டும் ஜிம் கெட்டிஸும் 2001இல் முன்வைத்தது. அதற்கு முன்னால் டெஸ்க்டாப்பின் அளவை மாற்ற அமைப்புக் கோப்பைத் திருத்தி, எக்ஸையே நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 2007இல் வந்த 1.2 பதிப்புக்குப் பிறகுதான் ஓடும் மெஷினில் ஒரு புரொஜெக்டரைச் செருகி, அந்த வாயிலுக்கு மட்டும் தனி அளவு கொடுப்பது இயல்பானது. ராம் குறைந்த மெஷினில் பெரிய டெஸ்க்டாப் இல்லாமலே இதெல்லாம் நடக்கிறது என்றால், அடித்தளத்தில் இவ்வளவு நல்ல வேலை நடந்திருப்பதுதான் காரணம். அவர்களுக்கு நன்றியோடுதான் ஒவ்வொரு முறையும் இதை அடிக்கிறேன்.

டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு ஏராண்டர் என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. மானிட்டர்கள் பெட்டிகளாகத் தெரியும்; இழுத்து இடம் மாற்றலாம். வைத்த அமைப்பை ஒரு சிறு ஸ்கிரிப்ட்டாகச் சேமித்துத் தரும். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது அதே எக்ஸ்ரேண்டர் கட்டளைதான். கற்றுக்கொள்ள நல்ல வழி.

*

கேபிள் நன்றாக இருந்தும் பட்டியலில் சரியான அளவு வரவில்லை என்றால் நாமே சேர்க்கலாம். சி.வி.டி. என்ற கட்டளைக்கு அகலமும் உயரமும் கொடுத்தால் மோட்லைன் என்ற எண் வரிசை ஒன்றைத் தரும். அதை எக்ஸ்ரேண்டரில் நியூமோட் என்று அறிமுகப்படுத்தி, ஆட்மோட் என்று அந்த வாயிலில் சேர்த்து, மோட் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மூன்று படி.

1366 கேட்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். சி.வி.டி. 1368 × 768 என்றுதான் தரும். அதன் கணக்கில் அகலம் 8ஆல் வகுபட வேண்டும்; 1366 வகுபடாது. இரண்டு பிக்சல் கூடுதலாக அனுப்புவதைப் பெரும்பாலான மானிட்டர்கள் சமாளித்துவிடும். வி.ஜி.ஏ. என்றால் அதன் பிறகு மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். திரையில் எழுத்து நிறைந்த பக்கம் ஒன்று திறந்திருக்கும்போது அழுத்தினால் சரியாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் கறுப்புத் திரையில் அழுத்தினால் விளிம்பு எங்கே என்று அதற்குத் தெரியாது.

*

மோட்லைன் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 1920 × 1080க்கு சி.வி.டி. தரும் வரியில் மொத்த அகலம் 2576, மொத்த உயரம் 1120 என்று இருக்கும். காட்டுவது 1920 பிக்சல், அனுப்புவது 2576 பிக்சல் நேரம். மிச்சம் எதற்கு? குழாய் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். அந்தத் திரும்பும் நேரம்தான் அது. எல்.சி.டி.யில் கற்றை ஏது? ஆனாலும் பழைய கணக்கு தொடர்கிறது.

இது வெறும் வரலாறு இல்லை, நடைமுறையில் கடிக்கும். 2576ஐ 1120ஆல் பெருக்கி, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை என்றால் 173 மெகாஹெர்ட்ஸ். ஒற்றை இணைப்பு டி.வி.ஐ.யின் உச்சவரம்பு 165. ஆரம்பகால எச்.டி.எம்.ஐ.க்கும் அதே 165தான். ஆகவே பழைய மெஷின் இந்த மோட்லைனை ஏற்காது; திரை கறுத்துவிடும் அல்லது பிழைச் செய்தி வரும். அதே சி.வி.டி.க்கு ஆர் என்ற சுவிட்சைச் சேர்த்துக் கொடுத்தால் திரும்பும் நேரத்தைக் குறைத்து 138.5 மெகாஹெர்ட்ஸில் முடித்துத் தரும். இந்த கார்டு ஃபுல் எச்.டி.யைத் தாங்காது என்று யாரோ ஒதுக்கிவைத்த மெஷின், ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்ததும் தெளிவாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

*

புது அளவைச் சோதிக்கும்போது ஒரு பாதுகாப்பு. மோட் மாற்றும் கட்டளை, ஓர் அரைப்புள்ளி, ஸ்லீப் 15, இன்னோர் அரைப்புள்ளி, அதே வாயிலை ஆட்டோவுக்குத் திருப்பும் கட்டளை. மூன்றையும் ஒரே வரியில் அடித்து என்டர் தட்ட வேண்டும். திரை கறுத்தாலும் 15 நொடியில் தானாகத் திரும்பிவிடும். கைவசம் வேறு மானிட்டர் இல்லாத இடத்தில் இதைச் செய்யாமல் எதையும் மாற்றக்கூடாது.

*

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டர். மனுக்கள், பிரமாணப் பத்திரங்கள், எல்லாம் தமிழில். அங்கே டைப் செய்யும் அக்கா மானிட்டருக்கு மூக்கைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். 18.5 அங்குலத் திரை, ஓடுவது 1024 × 768. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று யாரோ வைத்துக் கொடுத்தது.

என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால்: உயரம் 768 அப்படியே பொருந்துகிறது. அகலத்தில் 1024ஐ 1366ஆக இழுக்க வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எழுத்து உயரத்தில் வளரவே இல்லை. பக்கவாட்டில் மட்டும் பருத்திருக்கிறது. ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்து ஓரளவு தப்பிக்கும். சுழியும் புள்ளியும்தான் பலி. திரையில் "எதிர்மனுதாரர்" என்று இருந்தது. அதில் இரண்டு ர் இருக்கிறது. இரண்டின் புள்ளியும் சாம்பல் நிறத் தீற்றலாகப் பரவி, தலைக்கோட்டோடு ஒட்டிக் கிடந்தன. அது "ர"வா, "ர்"ஆ என்று பழக்கத்தால்தான் சொல்ல முடியும், பார்வையால் முடியாது. பெயர் ஓர் எழுத்து பிசகினால் மனு திரும்பி வரும் தொழில் அது.

1366 × 768க்கு மாற்றியதும் அக்கா நிமிர்ந்தார். "தம்பி, பளிச்சுனு இருக்கு. ஆனா எழுத்து சின்னதாப் போச்சே. பழையபடியே வெச்சுடுங்க."

"ரெண்டு நிமிஷம் பொறுங்கக்கா. திரை இப்படியே இருக்கட்டும், எழுத்தை மட்டும் பெருசாக்கிடலாம்."

எழுத்துருவின் டி.பி.ஐ. (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) மதிப்பு 96 இருந்தது, 120 ஆக்கினேன். மெனு, தலைப்புப் பட்டை, கோப்புப் பெயர் எல்லாம் கால் பங்கு வளர்ந்தன. லிப்ரே ஆபிஸில் ஜூம் 140. இப்போது எழுத்து அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து வளர்ந்தது, புள்ளி புள்ளியாகவே தனித்து நின்றது. அக்கா நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்து வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இந்தக் குறிப்புகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுதான்: எழுத்து சிறியது என்றால் எழுத்தை மாற்ற வேண்டும், திரையின் அளவில் கை வைக்கக்கூடாது.

*

டி.பி.ஐ. 96 என்பது எக்ஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு. உண்மைத் திரைகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. 18.5 அங்குலத்தில் 1366 × 768 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 பிக்சல். அதே 1366 × 768 ஒரு 14 அங்குல லேப்டாப்பில் ஏறத்தாழ 112. ஒரே செட்டிங், ஒரே எழுத்துரு. லேப்டாப்பில் எழுத்து நான்கில் ஒரு பங்கு சுருங்கித் தெரியும். மெஷினுக்கு மெஷின் இதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலம் வாசிப்பவருக்கு 9 புள்ளி அளவு போதலாம். தமிழுக்கு அது போதாது. ஞு, ணூ, ஸ்ரீ போன்றவற்றில் ஒரே எழுத்துக்குள் எத்தனை வளைவு! குறைந்த பிக்சல் உள்ள திரையில் 11, 12 புள்ளி வைத்தால்தான் உள்வெளி அடைபடாமல் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டும் திரையில் நன்றாக வாசிக்க வருகின்றன. ஹின்டிங் என்ற அமைப்பை ஸ்லைட் என்று வைப்பது தமிழுக்கு நல்லது. அது எழுத்தை மேல்கீழாக மட்டும் பிக்சல் கோட்டில் நிறுத்துகிறது. பக்கவாட்டு வடிவத்தைத் தொடுவதில்லை. ஃபுல் என்று வைத்தால் வளைவுகள் ஒடிந்து முரடாகலாம்.

*

வெளிச்சம். எக்ஸ்ரேண்டரில் பிரைட்னஸ் என்றே ஒரு விருப்பம் இருக்கிறது, 0.7 என்று கொடுத்தால் திரை மங்கும். ஆனால் உள்ளே எரியும் விளக்கு அப்படியேதான் எரிகிறது. நிறங்களின் மதிப்பை மட்டும் குறைத்து அனுப்புகிறது அது. பாட்டரியும் மிச்சமாகாது, நிறத்தின் படிநிலைகளும் குறையும். அவசரத்துக்கு உதவும், அன்றாடத்துக்கு உதவாது.

லேப்டாப்பில் உண்மையான விளக்கைக் குறைக்க பிரைட்னஸ்சிடிஎல் என்ற சிறு கருவி போதும். வெளி மானிட்டருக்கு டி.டி.சி.யூட்டில். கேபிள் வழியாகவே மானிட்டரிடம் பேசி, அதன் சொந்த மெனுவில் உள்ள அளவையே மாற்றும். எண் 10 வெளிச்சம், எண் 12 கான்ட்ராஸ்ட். மானிட்டரின் பின்பக்கம் தடவித் தடவிப் பட்டன் தேடுவதிலிருந்து விடுதலை. எல்லா மானிட்டரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. சொல்பவற்றில் இதைவிட வசதி வேறில்லை.

எவ்வளவு வைப்பது? திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும் வரை விளக்கைக் குறைத்தால் போதும். புது மானிட்டர்கள் கடை வெளிச்சத்துக்காக உச்சத்தில் வைக்கப்பட்டு வருகின்றன. ஒற்றை டியூப்லைட் எரியும் அறைக்கு அது ரொம்ப அதிகம். இரவு வேலைக்கு ரெட்ஷிஃப்ட் நிறத்தை மஞ்சள் பக்கம் நகர்த்தித் தரும். சிறு வேலைதான், பழைய மெஷின் தாராளமாகத் தாங்கும்.

*

டி.வி.யை மானிட்டராக மாட்டுபவர்களுக்கு இரண்டு தொல்லை வரும்.

ஒன்று, ஓரம் வெட்டுப்படுவது. பழைய ஒளிபரப்புக் காலத்தில் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி மறைப்பார்கள், பல டி.வி.க்கள் இன்றும் அதையே செய்கின்றன. கீழே பேனல் இருக்கிறது, ஆனால் தெரியாது. மருந்து டி.வி.யின் ரிமோட்டில் இருக்கிறது. படத்தின் அளவு என்ற இடத்தில் ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். லினக்ஸ் பக்கம் சுருக்கி அனுப்பலாம்தான். அப்படிச் செய்தால் மறுபடி இழுவை, மறுபடி மங்கல்.

இரண்டு, கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிவது. 0 முதல் 255 வரை நிறம் அனுப்புவது கம்ப்யூட்டர் வழக்கம். 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புவது டி.வி. வழக்கம். இரு பக்கமும் வேறு வேறு கணக்கில் இருந்தால் கறுப்பு வெளுக்கும் அல்லது நிழல் அடைபடும். இன்டெல் கிராபிக்ஸ் என்றால் எக்ஸ்ரேண்டரில் பிராட்காஸ்ட் ஆர்.ஜி.பி. என்ற பண்பை ஃபுல் என்று வைத்தால் சரியாகும்.

*

திரையை நெட்டாகத் திருப்பி வைத்து நீண்ட ஆவணம் வாசிப்பது சுகம். எக்ஸ்ரேண்டரில் ரொட்டேட் லெஃப்ட் என்று கொடுத்தால் போதும். ஆனால் மலிவான டி.என். திரைகளுக்கு மேல்கீழ்க் கோணம் பலவீனம். திருப்பியதும் அந்தப் பலவீனம் பக்கவாட்டுக்கு வந்துவிடும். இடக்கண்ணுக்கு ஒரு நிறம், வலக்கண்ணுக்கு ஒரு நிறம், அரைமணியில் தலைவலி. ஐ.பி.எஸ். திரை இருந்தால் மட்டும் செய்யலாம். எழுத்துருவின் சப்பிக்சல் அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். பிக்சலுக்குள் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் படுத்துவிட்டதால் பழைய அமைப்பில் விளிம்பில் நிறம் கசியும்.

*

எக்ஸ்ரேண்டர் செய்வதெல்லாம் அந்த ஓட்டத்துக்கு மட்டும். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். நிலைக்க வைக்க, எக்ஸ்எஃப்சிஇ, எல்.எக்ஸ்.கியூ.டி. டெஸ்க்டாப்களில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் வழியாகச் சேமிக்கலாம். ஓபன்பாக்ஸ் மட்டும் ஓடும் மெஷினில் அதன் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் கட்டளையை எழுதி வைக்கலாம். லாகின் திரையிலேயே சரியாக வர வேண்டும் என்றால் எக்ஸ்ஆர்கின் அமைப்புக் கோப்புறையில் மானிட்டருக்கென்று ஒரு சிறு கோப்பு. பலரும் வந்து உட்காரும் பொதுக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கடைசி வழிதான் சரி. யார் பெயரில் உள்ளே போனாலும் திரை ஒன்றுபோல இருக்கும்.

*

காற்று இப்போது எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் பக்கம் வீசுகிறது. ராஸ்பெர்ரி பை 2023இல் புது மாடல்களை வேலண்டுக்கு மாற்றியது. 2024இல் லேப்டபிள்யூசி என்ற எளிய சாளர மேலாளரை எல்லா மாடலுக்கும் கொண்டுவந்தது. அங்கே எக்ஸ்ரேண்டரால் அளவை மாற்ற முடியாது, டபிள்யூ.எல்.ஆர். ராண்டர் என்ற கருவி அந்த இடத்தில் இருக்கிறது. பழைய பை மாடல்களுக்காக எழுதிய கன்ஃபிக் கோப்புக் குறிப்புகளும் பல இப்போது செல்லாது. கருவியின் பெயர் மாறுகிறது. மானிட்டர் அனுப்பும் 128 பைட் மாறவில்லை, கண்ணாடிக்குள் உள்ள பிக்சலின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆகவே அடிப்படையைப் புரிந்துகொண்டவருக்குப் புதுக் கட்டளை ஒரு மாலை வேலைதான்.

*

மெஷினை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது செய்ய வேண்டியது: மானிட்டரின் பின்பக்கத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர். அதில் இயல்பான ரெசல்யூஷன், எந்த வாயில், வைத்திருக்கும் டி.பி.ஐ., மோட்லைன் சேர்த்திருந்தால் அதன் கோப்பு எங்கே இருக்கிறது என்பது. அடுத்து வருபவர் மங்கலைப் பார்த்தவுடன் மானிட்டரை மாற்றச் சொல்லாமல் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு ஸ்டிக்கரால் ஒரு மானிட்டர் இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும் என்றால், அதை ஒட்டாமல் மெஷினைக் கொடுப்பது வேலையை முடித்ததாகாது.